ஆறு காசுப் பால்மரம்

புலியைச் சேர்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மலாயாத் தபால்தலை என்று பேச்செடுத்தால் பாதிப் பேருக்குக் கண் ஒளிர்வது அந்தத் தாவும் புலிக்குத்தான். 1892இல் பேராக் பெயரைத் தாங்கி வந்தது. பிறகு நான்கு மலாய் மாநிலங்களுக்குப் பொதுவாகி, 1930களின் நடுப்பகுதிவரை நிறம் மாறி, நீர்க்குறி மாறித் தாவிக்கொண்டே இருந்தது. அதன் ஒவ்வொரு சாயலையும் பிரித்து அடுக்கி வைத்திருக்கும் நண்பர்கள் தைப்பிங்கிலும் ஈப்போவிலும் எனக்கு உண்டு. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரே ஒரு தலையை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் என் கை போவது 1957ஆம் ஆண்டு மே மாதம் மலாயாக் கூட்டரசு வெளியிட்ட ஆறு காசுக்குத்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் படம். எந்த விலைப்பட்டியலிலும் மதிப்பே இல்லாத, குப்பைபோலக் கிடைத்த தலை. அதைத்தான் சொல்கிறேன்.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் அதே ஆண்டு வந்த மாநில வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பேராக் வரிசையில் சுல்தான் யூசுப் இஸ்ஸுடின் ஷாவின் முகம். அதன் பக்கத்தில் கொப்பரை, அன்னாசி, நெல்வயல், கங்கார் பள்ளிவாசல், கிழக்குக்கரை ரயில், புலி, மீன்பிடிப் படகு, ஊதுகுழல் ஏந்திய பூர்வகுடியினர், அரசாங்க அலுவலகம், சிலாட், நெசவு. எல்லா மாநிலங்களுக்கும் இதே படங்கள், ஓரத்து முகமோ சின்னமோ மட்டும் மாறும். நாட்டின் சோற்றுப்பானையை நிரப்பிய ரப்பரும் ஈயமும் இதில் எங்கே? கிந்தாப் பள்ளத்தாக்கைத் தோண்டித் தோண்டி உலகத்துக்கு ஈயம் கொடுத்த மாநிலத்தின் தலையில் ஈயம் இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து சிலிம் ரிவர்வரை நிரை நிரையாகப் பால்மரம் நின்ற மாநிலத்தின் தலையில் பால்மரம் இல்லை. இரண்டும் போய்ச் சேர்ந்தது கூட்டரசின் சொந்தத் தலைகளில்: ஆறு காசில் பால்வெட்டு, இருபத்தைந்து காசில் ஈயம் தோண்டியெடுக்கும் ஈயக் கப்பல். மற்ற இரண்டில், பன்னிரண்டு காசில் கூட்டரசுச் சின்னம், முப்பதில் நாட்டின் வரைபடம். சுல்தான் முகம் எதிலும் கிடையாது. அதனால்தான் எங்கள் வீட்டில் அந்த ஆறு காசு யாருடைய தலையும் இல்லாமல் அம்மாவின் தலையானது.

ஆமாம், எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஆறு காசு அம்மாவுக்கு. அவர் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஈயக் கப்பல் சித்தப்பாவுக்கு. அவர் பத்து காஜா பக்கம் அப்படியொரு கப்பலில் வேலை பார்த்தார். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிக்கு நிற்கிற, 1938இல் கட்டப்பட்ட அந்தப் பெரிய கப்பலைப் பார்க்கிறவர்களுக்கு அவர் எவ்வளவு பெருமையோடு அந்தத் தலையைச் சட்டைப்பையில் வைத்திருந்திருப்பார் என்று புரியும். எட்டுக் காசு ரயில் மாமாவுக்கு, ஈப்போ ரயில்வேயில் இருந்ததால். 1965இல் ஆர்க்கிட் வரிசை வந்ததும் ஒரு காசுப் பூவை அக்கா பிடித்துக்கொண்டாள். காரணம் இருந்தது. அந்த வண்டா ஹூக்கரியானா கிந்தாவின் சதுப்பு நிலங்களில் களையாகவே மண்டிக் கிடந்த பூ. ஆங்கிலேயர்கள் அதைக் கிந்தாக் களை என்றே அழைத்தார்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வண்டா மிஸ் ஜோக்கிம் இதன் பிள்ளை. ‘எங்க ஊருக் களைதான் அந்த ஊருக்கு ராணி’ என்று அக்கா பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எந்தத் தலை வந்தாலும் முதலில் சொந்தக்காரரிடம் காட்ட வேண்டும், அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஆல்பத்துக்குப் போகும். இது அப்பா வைத்த சட்டம்.

அப்பா தலையைப் பார்க்கிற விதம் தனி. மாலை ஐந்து மணிக்கு மேல், லயத்து வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸை ஒட்டிக்கொண்டு ஆறு காசை வெளிச்சத்தில் திருப்புவார். செதுக்கியவன் பால் வெட்டத் தெரிந்தவனா என்பதுதான் அவருக்கு இருந்த கேள்வி. வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகத்தான் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நேராக நிற்பதில்லை, சற்றே சாய்ந்து மேலேறும். அந்தச் சாய்வுக்கு எதிராக வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் போய்விட்டால் மரத்துக்குப் புண், மேலோட்டமாக நின்றால் பால் ஏந்துகிற மங்கில் ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டிக்கொடுத்ததிலிருந்து இந்த வித்தை கை மாறிக் கை மாறி எங்கள் அம்மாவரை வந்தது. அப்பா லென்ஸில் பார்த்துச் சொல்வார், அம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பார்.

‘ஆளு நிக்கிற நிலை சரியா இருக்கா?’

‘நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? அடுத்த மரத்துக்குப் போகச் சொல்லுங்க. வெயில் ஏறுது.’

விளையாட்டுக்குச் சொன்ன பேச்சில்லை அது. விடியுமுன் வெட்டினால்தான் பால் ஓட்டம் நன்றாக இருக்கும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். தபால்தலையைப் பார்த்து நேரம் கேட்கிற ஒரு விமர்சகரை நான் அதற்குப் பிறகு சந்தித்ததில்லை. இன்று தலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அச்சகம், பல் எண்ணிக்கை, நீர்க்குறியின் திசை என்று பேசுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் படத்தில் உள்ள வேலையைச் செய்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஊறவைக்கிற வேலை ஞாயிற்றுக்கிழமை. பிரட்டு என்கிற காலைப் பெயரழைப்பு இல்லாத நாள். எனாமல் தாம்பாளத்தில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் ஊற்றுவதை அம்மா ஒருபோதும் அனுமதித்ததில்லை. சிவப்பு உறை, பழுப்பு உறை எல்லாம் தனித் தாம்பாளம், சாயம் இறங்கிவிடும். ஊதா மையில் கையெழுத்துப் போட்டதென்றால் அதுவும் தனி. தலை தானாகத் தாளை விட்டு வழுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பொறுக்காமல் தம்பி இழுப்பான், முதுகு கிழியும். கழன்றதைக் கையால் தொடும் உரிமை அம்மாவுக்கு மட்டும். காலையில் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய பாலை ஒரே இழுப்பில் நாடாவாக உரித்தெடுக்கிற விரல்கள் அவருடையவை. அந்த விரல்களில் பட்டு ஒரு தலைகூடப் பல் இழந்து நான் பார்த்ததில்லை. மற்ற வீடுகளில் செய்தித்தாளில் காயவைப்பார்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய வேட்டித் துண்டு, ஏனென்றால் ‘தமிழ் நேசன்’ மை ஈரத்தில் ஏறிவிடும். காய்ந்து சுருண்டதை அக்காவின் அகராதிக்குள் அழுத்தி வைத்து, மறுநாள் இரவு மண்ணெண்ணெய் விளக்கில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து ஒட்டுவோம். கடையில் விற்கிற ஒட்டுத் தாளுக்குக் காசு ஏது? தபாலாபீசில் முழுத் தாளாக வாங்குகிற பெரிய கிராணி தலைகளைக் கிழித்துக்கொண்டு ஓரத்து வெள்ளைப் பட்டையை எங்களுக்காக எடுத்து வைப்பார். பசையுள்ள அந்தப் பட்டையை நறுக்கி மடித்தால் நல்ல ஒட்டுத் தாள். வாரம் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்த நாங்கள் அந்த இரண்டு மணி நேரம் குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டோம். மூச்சுப் பட்டால் தலை பறந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும்.

வரத்து எங்கிருந்து என்று புதியவர்கள் கேட்பதுண்டு. தோட்ட ஆபீஸ் குப்பைக்கூடை முதல் ஊற்று. ஊர்க் கடிதங்கள் இரண்டாவது. தமிழ்நாட்டிலிருந்து லயத்துக்கு வந்த உறைகளில் 1960இல் திருவள்ளுவரும் அதே ஆண்டு செப்டம்பரில் பாரதியும் பதினைந்து நயா பைசாவில் வந்தபோது, கடிதத்தைப் படிக்குமுன் உறையைக் கேட்டு வாசலில் வரிசை நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு அப்பா கடிதம் படித்துக்கொடுப்பார். கூலி, அந்த உறையின் தலை. யார் வீட்டில் கல்யாணம், யார் ஊரில் நிலம் அடமானம், யாருக்குத் தாய் இறந்தாள் என்பதெல்லாம் அந்தத் தலைகளோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஆனால் அவற்றை அவர் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. மூன்றாவது ஊற்று, அக்காவின் பேனா நண்பர்கள். இலங்கை, பர்மா, தென்னாப்பிரிக்கா என்று பத்திரிகையில் முகவரி பார்த்து எழுதிக்கொண்டே இருந்தாள்.

இங்கே புதுத்தலைக்காரர்களோடு எனக்குள்ள பழைய வழக்கைச் சொல்லிவிடுகிறேன். முத்திரை படாத, பசை குலையாத, முழு வரிசையே தலைக்கு அழகு என்பது அவர்கள் கட்சி. ஈப்போவில் எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய தலைகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார், அவர் பிள்ளைகள் அதைத் தொட்டதே இல்லை. என் கட்சி வேறு. தலை போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். யாரோ நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டி, யாரோ முத்திரை குத்தி, யாரோ பிரித்துப் படித்திருக்க வேண்டும். முத்திரை கறை என்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். வட்டத்துக்குள் ஊர்ப்பெயர், நடுவில் தேதி. சில ஆண்டுகளாக எனக்கும் தங்கைக்கும் உள்ள ஒரே போட்டி இதுதான்: பேராக்கின் ஒவ்வோர் ஊர் முத்திரையும் பட்ட ஆறு காசுத் தலை. ஈப்போ, தைப்பிங், கம்பார், தாப்பா, பீடோர், கோப்பெங், பத்து காஜா, கோலகங்சார் எல்லாம் கிடைத்துவிட்டன. 1972இல் மலாய் எழுத்துமுறை மாறியபோது ஊர்ப்பெயர்களின் எழுத்தும் மாறியது. ‘சுங்கெய்’ என்பது ‘சுங்கை’ ஆனது, ‘தெலோக்’ என்பது ‘தெலுக்’ ஆனது. முந்தைய எழுத்தைப் பழைய முத்திரையில்தான் பார்க்க முடியும். தெலுக் ஆன்சன் பெயரே 1982இல் தெலுக் இந்தான் ஆகிவிட்டது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த ஊரில் கப்பலிறங்கித் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் ஊருக்கு எழுதிய கடிதத்தில் குத்தப்பட்ட பெயர் அது. தலையிலிருந்து அதை அழித்துவிட்டு ‘சுத்தமான பிரதி’ தேடுகிறவர்களிடம் என்ன பேசுவது?

கோலகங்சாரைச் சொன்னேன். அங்கே மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கும் ரப்பர் மரத்தை எங்களை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டினார் அப்பா. ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ 1877இல் நட்ட முதல் கன்றுகளில் மிஞ்சியது. 1978இல் ரப்பர் தொழில் நூற்றாண்டுக்கென்று தலைகள் வந்தபோது அவர் அதை வாங்கி ஒட்டி, எங்களுக்கே கடிதம் எழுதி, அந்த ஊர்த் தபாலாபீசிலேயே பெட்டியில் போட்டார். நாங்கள் வீடு திரும்பிய பிறகு அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அதற்குமுன் 1968இல் கோலாலம்பூரில் நடந்த இயற்கை ரப்பர் மாநாட்டுக்கு மூன்று தலைகள் வந்திருந்தன. மூன்றிலும் பால்வெட்டு உண்டு, கூடவே ஒன்றில் ரப்பரின் மூலக்கூறு, ஒன்றில் ஏற்றுமதிச் சரக்கு, ஒன்றில் விமானச் சக்கரம். நண்பர்கள் சிலர் அதை ஆறு காசைவிட உயர்த்திப் பேசுவார்கள். வடிவமைப்பில் தெம்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பால்வெட்டு வேறொரு செய்திக்குத் துணையாக வருகிறது. 1957இன் தலையில் வேலைதான் செய்தி.

ஆல்பத்தில் ஒரு பக்கம் மட்டும் நெடுங்காலம் காலியாக இருந்தது. ஜப்பானியர் 1943இல் மலாயாவுக்கென அச்சிட்ட வரிசையில் ஒரு காசில் பால்வெட்டு, மூன்று காசில் ஈயக் கப்பல். போருக்கு முந்திய பேராக் தலைகளில் புலியையும் யானையையும் சுல்தானையும்தான் பார்த்தோம். பால்வெட்டை முந்திக்கொண்டு தலையில் ஏற்றியது அந்த ஆட்சி. அதே 1943இல்தான் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகப் பிடித்துப்போன நம் ஆட்கள் சயாம்-பர்மா ரயில்பாதையில் செத்துக்கொண்டிருந்தார்கள். வெட்ட ஆளில்லை, வாங்க நாடில்லை, மங்கு கவிழ்ந்து கிடந்த தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு போட்டுத் தின்றார்கள். அம்மாவின் அப்பா அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. தம்பி பள்ளியில் யாரிடமோ மாற்றிக் கொண்டுவந்த அந்த ஒரு காசை அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது நம்ம புக்குல வேணாம்’ என்று திருப்பிக் கொடுத்தார். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. தலையை எறியவும் இல்லை. தனி உறையில் போட்டு, அந்தக் காலிப் பக்கத்துக்குள் ஒட்டாமல் செருகி வைத்தார். அம்மா காலமான பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். வரலாறு வரலாறுதான், ஒட்டிவிடலாம் என்று தம்பி. அம்மா வேண்டாமென்றது வேண்டாம்தான் என்று அக்கா. இன்றுவரை உறையில்தான் இருக்கிறது. சொந்தக்காரர் சரி என்ற பிறகே ஆல்பத்துக்குப் போகும் என்ற சட்டப்படி அக்கா சொல்வதே நியாயம் என்பது என் கட்சி.

மாநில வரிசைகளுக்கு ரப்பர் வந்து சேர எத்தனை காலம் ஆனது பாருங்கள். 1965இல் ஆர்க்கிட், 1971இல் பட்டாம்பூச்சி, 1979இல் பூக்கள். 1986இல்தான் விளைபொருள் வரிசையில் பேராக் பெயரோடு பதினைந்து காசில் ரப்பர் வந்தது. காப்பி, தேங்காய், கொக்கோ, மிளகு, நெல் ஆகியவற்றோடு இருபது காசில் செம்பனையும் வந்தது. ரப்பர் பதினைந்து, செம்பனை இருபது. தபால் துறை எதையும் உத்தேசித்துச் செய்திருக்காது. ஆனால் எங்கள் தோட்டத்தில் பழைய பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வீட்டுக்கு வந்த கடிதங்களில் எல்லாம் செம்பனைத் தலையாகவே இருந்தது. பதினைந்து காசு ரப்பரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்பா அதை ஒட்டிய பக்கத்தில் தேதியை மட்டும் எழுதினார். லயம் காலியாகி நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். தம்பி சிங்கப்பூருக்கும் தங்கை கிள்ளானுக்கும் போனார்கள். ஆல்பத்தைப் பங்கு பிரிக்கலாமா என்று யாரோ கேட்டபோது, ‘வரிசையைப் பிரிச்சா வெறும் தாளு’ என்றார் அப்பா. தீபாவளிக்குத் தீபாவளி ஒருவர் வீட்டுக்குப் போகிறது. யார் வீட்டில் இருக்கிறதோ அங்கேதான் எல்லாரும் கூட வேண்டும். இந்த ஏற்பாட்டை நாங்கள் மீறியதில்லை.

இப்போது வருகிற தலைகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவே ஆசை. அச்சு அபாரம், நிறம் அபாரம். ஆனால் தபாலாபீஸ் முகப்பில் பொதிக்குக் காசு கட்டினால் கோடு போட்ட பட்டையைத்தான் அச்சிட்டு ஒட்டுகிறார்கள். தலை கேட்டால் உள்ளே போய்த் தேடி எடுத்து வருகிறார்கள். வெளியீடுகள் கடிதத்துக்காக வருவதாகத் தெரியவில்லை, சேகரிப்பவர்களின் பைக்காகவே வருகின்றன. தண்ணீரில் கழலாத பசை வேறு. பேரப்பிள்ளைகளுக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துக் காட்டினால் தலை தாளோடு சேர்ந்து ஊறிக் கொழகொழவென்று ஆகிறது. சொந்த முகத்தை அச்சிட்டுத் தரும் தலையும் வந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை ஒட்டிக் கடிதம் எழுதியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

அதனால் நான் பேரப்பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பசார் காராட்டுக்கு அழைத்துப்போகிறேன். துருப்பிடித்த விளக்கு, பழைய இசைத்தட்டு, ரப்பர் கத்தி, மங்கு இவற்றுக்கு நடுவே சீனப் பெரியவர்கள் பிஸ்கட் டின்களில் தலைகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். கிலோக் கணக்கில் பழைய உறைகளும் வரும். பெரிய பேத்திக்கு லென்ஸ் பிடிக்கத் தெரிந்துவிட்டது. ஆறு காசைப் பார்த்தால் முதலில் முத்திரையைத்தான் படிக்கிறாள், பழைய எழுத்தா புதிய எழுத்தா என்று சொல்கிறாள். சின்னவன் மீன் தலை மட்டும் கேட்கிறான். அவனுக்கு அதுதான் சொந்தம் என்று தீர்ப்பாகிவிட்டது.

ஆறு காசில் எங்களுக்கு இன்னும் அகப்படாத முத்திரைகள் இரண்டு: பழைய எழுத்தில் தெலோக் ஆன்சன், அப்புறம் வடக்கே கிரிக். தெலோக் ஆன்சன் தேதி தெளிவாக இருந்தால் போதும், பல் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை. உறையோடு இருந்தால் உறையை வெட்ட வேண்டாம். மாற்றாக 1965 ஆர்க்கிட் வரிசை ஏழும் பேராக் முத்திரையோடு தருகிறேன். கிந்தாக் களையை மட்டும் அக்காவிடம் கேட்டுத்தான் தர முடியும்.